ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரியை எழுதுங்கள்

ரத்தப் புற்றுநோய்க்கு மூலக்கூறுப் பரிசோதனை செய்யும் ஆய்வகங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

என் அண்ணனுக்கு நாட்பட்ட மைலாய்டு லுகேமியா. நான்கு ஆண்டுகளாக இமாடினிப் மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இந்த நோயை உண்டாக்கும் பிறழ்ந்த மரபணுவான பி.சி.ஆர்.-ஏ.பி.எல்.-இன் அளவை ரத்தத்தில் பார்க்கிறோம். வழக்கமான ஆய்வகத்தில் இயந்திரம் பழுதென்று சென்ற முறை வேறோர் இடத்தில் ரத்தம் கொடுத்தோம். அதுவரை 0.07 சதவீதமாக இருந்த எண் 0.42 என்று வந்தது.

0.1 என்ற கோட்டைத் தாண்டினால் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மருந்து கைவிடுகிறதோ என்று மருத்துவர் சந்தேகப்பட்டார். மாத்திரையை இடையில் விட்டீர்களா என்று அண்ணனிடம் கேட்டார். அன்றிரவு அண்ணன் சேர்த்து வைத்திருந்த காலி மாத்திரை அட்டைகளைத் தரையில் பரப்பி, உடைந்த குழிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். நாட்காட்டியோடு ஒத்துப் பார்த்தார். ஒன்றுகூடக் குறையவில்லை. “நீயும் ஒரு தடவை எண்ணிப் பாரம்மா” என்று என்னிடம் நீட்டினார். நானும் எண்ணினேன்.

பிறகு, மருந்தை எதிர்க்கும் மரபணு மாற்றம் உண்டா என்று இன்னொரு பரிசோதனை. முடிவு வர ஐந்து வாரம். மாற்றம் எதுவும் இல்லை. பழைய ஆய்வகத்தில் மறுபடி பார்த்தபோது 0.06.

இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தபோதுதான் விளங்கியது. பழையதில் ‘பன்னாட்டு அளவுகோலின்படி’ என்று இருந்தது. வெவ்வேறு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிட முடிவது அந்தப் பொது அளவுகோலால்தான். புதியதில் அது இல்லை. அந்த அளவுகோலுக்கு மாற்றித் தரும் காரணியால் பெருக்காத, அந்த ஆய்வகத்துக்கு மட்டுமே உரிய விகிதத்தை அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். அவசரத்தில் மருத்துவர் கண்ணிலும் அது படவில்லை. மாதிரி போதுமானதா என்று காட்டும், ஒப்பீட்டுக்கான ஏ.பி.எல். மரபணுப் பிரதிகள் பத்தாயிரத்தை எட்டினவா என்ற விவரமும் கிடையாது. அது தெரியாமல் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தால்கூட எதை நம்பி மகிழ்வது?

இந்த அளவுகோல் 2006-லேயே முன்மொழியப்பட்டது. அதற்கான ஒப்பீட்டு மாதிரிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ஒப்புதல் தந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு வரி எழுதுவதில் என்ன தடை? ரிப்போர்ட்டில் பன்னாட்டு அளவுகோல் மதிப்பைக் குறிப்பிடுங்கள். அளவுகோலோடு உங்கள் ஆய்வகம் இன்னும் இணைக்கப்படவில்லை என்றால் அதையாவது வெளிப்படையாக எழுதுங்கள்.

கடும் மைலாய்டு லுகேமியாவில் 17 மரபணுக்களின் வெளிப்பாட்டை அளந்து நோயின் போக்கைக் கணிக்கும் முறை 2016-இல் வந்துவிட்டது. மைலோமா என்ற இன்னொரு ரத்தப் புற்றுநோய்க்கு 70 மரபணுக்களை வைத்துக் கணிக்கிறார்கள். ஒரே ஒரு மரபணுவின் அளவைத் தெளிவாகச் சொல்லாதவர்கள் நாளை எழுபதைச் சொன்னால் நாங்கள் எந்தத் தைரியத்தில் நம்புவோம்? இந்தப் பரிசோதனையில் அளக்கப்படும் ஆர்.என்.ஏ. மூலக்கூறு எவ்வளவு விரைவில் சிதையும் என்று அறிந்தவர்கள் நீங்கள். ஆனாலும் ரத்தம் எடுத்த நேரமும் பரிசோதனையில் சேர்த்த நேரமும் எங்கள் தாளில் இல்லை. கேட்டால், “டாக்டரிடம் கேளுங்கள்” என்கிறார்கள்.

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊழியர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. என் அண்ணன் இன்று நடமாடுவதில் அவர்களுக்கும் பங்குண்டு. அடுத்த மாதம் அவர் மறுபடி ரத்தம் கொடுக்கிறார். அந்த ரிப்போர்ட்டில் பன்னாட்டு அளவுகோல் மதிப்பும் ஏ.பி.எல். பிரதிகளின் எண்ணிக்கையும் இருக்கும்படி செய்யுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தங்கை