எல்லாரையும் ஜான் ஆக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டு ஆட்களின் பெயரை நம் பத்திரிகைகள் எழுதும் விதம் பற்றி ரொம்ப நாளாகவே சொல்ல நினைத்தது இது. எல்லாப் பெயரையும் இழுத்தால் முடியாது, அதனால் ஜான் என்ற ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்பெயினின் முன்னாள் மன்னர் ஹுவான் கார்லோஸ், நமக்கு ஜுவான் கார்லோஸ். பிரெஞ்சுக்காரர் ழான் நம்மிடம் 'ஜீன்' ஆகிவிடுகிறார், அதே எழுத்துகளை ஆங்கிலத்தில் படித்தால் அது பெண்ணின் பெயர். அயர்லாந்துக்காரர் ஷான் 'சீன்' ஆகிறார், போலந்திலும் நெதர்லாந்திலும் யான் என்று கூப்பிடப்படுகிறவர் இங்கே ஜான். இதில் எனக்கு அதிகம் உறுத்துவது ஓவியர் மிரோ. அவர் பார்சிலோனாவில் பிறந்த கத்தலான் மொழிக்காரர், அந்த மொழியில் அவர் பெயர் கிட்டத்தட்ட ஜுவான் என்று ஒலிக்கும். ஆங்கில எழுத்தை மட்டும் பார்த்து 'ஜோன் மிரோ' என்று போட்டால், ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பாடத்தில் படித்த யாரும் அவரைப் பெண் என்றுதான் நினைப்பார்கள்.

இத்தனையும் ஒரே பெயர். மூலம் எபிரேய மொழியின் யோஹனான், 'கடவுள் அருள் புரிந்தார்' என்று பொருள். லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இந்தப் பெயர் சூட்டப்படும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். வயதான காலத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்பா சகரியாவின் பெயரையே வைக்கச் சொல்கிறது சொந்தபந்தம், அம்மா எலிசபெத்து யோவான் என்கிறாள், உங்கள் உறவில் யாருக்கும் அப்படிப் பெயர் இல்லையே என்று எல்லாரும் தடுக்கிறார்கள். பேச முடியாமல் இருந்த சகரியா ஒரு பலகையைக் கேட்டு வாங்கி, இவன் பெயர் யோவான் என்று எழுதிக் காட்டுகிறார். குர்ஆனிலும் மர்யம் அத்தியாயத்தில் ஜகரிய்யாவுக்கு யஹ்யா என்ற மகன் அறிவிக்கப்படும்போது, இதற்கு முன் இந்தப் பெயரை யாருக்கும் வைத்ததில்லை என்று வருகிறது. அரபு முஸ்லிம்களுக்கு அவர் யஹ்யா, அதே அரபு பேசும் கிறிஸ்தவர்களுக்கு யூஹன்னா.

அப்புறம் பெயர் ஊர் ஊராகப் போகிறது. கிரேக்கத்தில் சொல்லுக்கு நடுவில் ஹகரம் வராது, அதனால் அங்கே இயோவான்னெஸ். லத்தீனிலும் முதல் எழுத்து யகர ஒலிதான், ஜகரம் கிடையாது. அந்த யகரத்தை ஜகரமாக்கியவர்கள் பழைய பிரெஞ்சுக்காரர்கள், 1066ல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களோடு அது அங்கே போய்க் கடைசியில் ஜான் ஆனது. பிரான்சில் அதே ஜகரம் பின்னாளில் மெலிந்துபோனது, தமிழ் இலக்கிய வட்டாரத்தில் அதைத்தான் ழகரம் போட்டு ழான் என்று எழுதுகிறார்கள். ஸ்பெயினிலோ அது தொண்டைக்குள் இறங்கி ஹுவான் ஆயிற்று. ஜெர்மன்காரர்கள் யகரத்தை விடவில்லை, யோஹான், யோஹானஸ், சுருக்கி ஹான்ஸ். இத்தாலியில் ஜொவான்னி, டென்மார்க்கில் யென்ஸ், ஹங்கேரியில் யானோஷ், பின்லாந்தில் யுஹானி, ஆர்மீனியாவில் ஹொவ்ஹன்னெஸ், ரஷ்யாவில் இவான், ஸ்காட்லாந்தில் ஈயன், வேல்ஸில் எவன், பக்கத்துக் கேரளத்தில் யோஹன்னான் மட்டுமல்ல உலஹன்னான்கூட. குடும்பப் பெயர்களிலும் இவரே இருக்கிறார், ஜான்சன், ஜோன்ஸ், ஹான்சென், இவானோவ், எவன்ஸ் என்று யாரைக் கேட்டாலும் எப்போதோ ஒரு யோவானின் வாரிசு. ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஜொனாதன் இந்தக் குடும்பம் இல்லை, அது 'கடவுள் கொடுத்தார்' என்ற வேறு எபிரேயப் பெயர். ஜாக் என்ற ஆங்கிலச் செல்லப்பெயர் ஜானிலிருந்து வந்தது, பிரெஞ்சு ழாக் யாக்கோபிலிருந்து வந்தது, பார்க்க ஒன்று போல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு.

தமிழ் இதில் யாருக்கும் இளைத்ததில்லை. யோவான் என்பது ஆங்கிலத்தைத் தொடாமல் நேரே கிரேக்க ஒலிக்குப் பக்கத்தில் நிற்கும் வடிவம், ஓகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவில் நம் உடம்படுமெய் வகரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. கத்தோலிக்கர்கள் பொருளையே தமிழாக்கி அருளப்பர் என்றார்கள். லிஸ்பனில் 1647ல் பிறந்து 1693ல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் தெ பிரிட்டோ நமக்கு அருளானந்தர். வீரமாமுனிவர் தேம்பாவணியில் சகரியாவின் மகனான அந்தத் திருமுழுக்கு யோவானுக்குக் கருணையன் என்று பெயர் வைத்தார், பள்ளியில் அந்தப் பாட்டைப் படித்த எத்தனையோ பேருக்குக் கருணையனும் ஜானும் ஒன்று என்பது தெரியாது. 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் யோவான் என்றே எழுதியதால் அருளப்பர் மெல்லப் பின்னுக்குப் போய்விட்டார், எனக்கு அதில் வருத்தம்தான்.

சரி, அப்படியானால் எல்லாரையும் யோவான் என்று எழுதலாமா என்றால், கூடாது. போப்பாண்டவர்கள் விஷயம் தனி. அவர்கள் பெயரை ஒவ்வொரு மொழியும் தன் வடிவத்தில் சொல்வதுதான் வழக்கம், ஒரே போப் இத்தாலியில் ஜொவான்னி பாவ்லோ, போலந்தில் யான் பாவெவ், ஸ்பெயினில் ஹுவான் பாப்லோ. அதனால் இரண்டாம் யோவான் பவுல் என்றோ, பழைய வழக்கப்படி அருள் சின்னப்பர் என்றோ தமிழில் எழுதுவதில் தவறே இல்லை. (யோவான் என்ற போப்புகளின் எண் 23 வரை போயிருக்கிறது, ஆனால் இருபதாம் யோவான் என்று ஒருவர் இருந்ததே இல்லை, இடைக்காலத்தில் எண்ணிக்கை குழம்பிவிட்டது.) மற்ற மனிதர்களுக்கு அவரவர் சொல்லிக்கொண்ட பெயர்தான் பெயர். பின்லாந்தின் இசைமேதை சிபேலியஸ் பிறந்தபோது யோஹான், வீட்டில் யான்னெ, பிறகு தானாகவே ழான் என்ற பிரெஞ்சு வடிவத்தை எடுத்துக்கொண்டார், அவரை ழான் என்றுதான் எழுத வேண்டும். 1497ல் பிரிஸ்டலிலிருந்து கப்பல் எடுத்து வட அமெரிக்காவைத் தொட்ட ஜான் கபோட் உண்மையில் வெனிஸ் குடிமகனான ஜொவான்னி கபோத்தோ. இங்கிலாந்து மன்னருக்காகப் போனார் என்பதற்காக அவரை நாமும் இங்கிலாந்துக்காரர் ஆக்க வேண்டியதில்லை.

வாசகர்களுக்குப் புரியாது என்ற பதிலை நான் ஏற்கவில்லை. இவானும் ஹான்ஸும் நமக்கு எந்தக் குழப்பமும் தரவில்லையே. செய்தி ஆங்கிலத்தில் வருகிறது, நேரம் குறைவு, ராத்திரி பக்கம் முடிக்க வேண்டும், எல்லாம் தெரியும். ஆனாலும் பெயருக்குரியவர் எந்த மொழிக்காரர் என்று பார்க்க ஒரு நிமிடம் போதும், ஒலிப்பைக் கேட்க இப்போது இணையத்திலேயே வசதி இருக்கிறது. அடிக்கடி வரும் பெயர்களுக்கு உங்கள் செய்தி மேசையில் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு அதை ஒருமுறை பத்திரிகையிலும் வெளியிடுங்கள். போலிஷும் போர்ச்சுகீசும் தெரிந்த தமிழர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள், தவறு இருந்தால் அவர்களே திருத்தி எழுதுவார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்