ஐந்தரைக்கு மேல் கூப்பிடு

அன்புள்ள ரவிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து நிற்கிறார், அதனால்தான் கடிதம். நீயும் மூன்று வாரமாகப் போனை எடுப்பதில்லை. வேலை இருக்கும், சரி. நேரத்துக்குச் சாப்பிடு.

சுதா வீட்டார் முன்னால் அப்பா பேசியதுதான் உன் கோபம் என்றால், இதைப் படித்துவிட்டுக் கோபப்படு. நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா. மூளையின் முன்பக்கமும் காதோரப் பக்கமும் சுருங்கிக்கொண்டே வருமாம். டிமென்ஷியா என்றால் மறதிதானே, இவருக்கு 1985இல் வாங்கிய சைக்கிளின் விலைகூட ஞாபகம் இருக்கிறதே என்று அங்கேயே வாதாடினேன். இதில் ஞாபகம் முதலில் போகாதாம். கூச்சம் போகும், அடுத்தவர் மனசு புரிவது போகும், வார்த்தை போகும். பெரும்பாலும் 45 வயதிலிருந்து 65 வயதுக்குள் ஆரம்பிக்கும். முன்பு பார்த்த டாக்டர் ஒன்றரை வருஷம் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் ரசத்துக்குக் கரண்டி எடுங்கள் என்றேன். "கரண்டின்னா என்ன?" என்று கேட்டார். கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன் ரவி. கையில் கொடுத்ததும் சரியாக ஊற்றிக்கொண்டார். புடலை, பீர்க்கு, அவரை எல்லாமே இப்போது 'பச்சை'தான். கன்னடம், தெலுங்கு என்று தெருவையே கட்டிப்போட்டுப் பேசிய மனுஷன். ஆனால் ஐந்தரை அடித்தால் அல்சூர் ஏரிக்குக் கிளம்பிவிடுவார். மழையானாலும் அதே வழி, அதே சுற்று. திரும்பும்போது பேக்கரியில் தில்பசந்த். ஒரு நாள் யாரோ தின்றுகொண்டிருந்த தட்டிலிருந்தே எடுத்துவிட்டார். இனிப்பு மேல் வெறியும் இந்த நோயில் உண்டாம். நீயும் இனிப்பைக் குறை.

குணமாக்க மருந்து கிடையாது. மறதி நோய்க்குக் கொடுக்கும் மாத்திரையும் இதற்கு உதவாதாம். ஆத்திரம் தணிய ஏதோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

நீ அனுப்பிய பணத்தில்தான் ஸ்கேன் எடுத்தேன். இந்தத் தெருவில் எந்தப் பிள்ளை இப்படிச் செய்கிறான்? ஆனால் பணம் போட்டுவிட்டால் ஆயிற்றா? சுதா பேசினாள். எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிறாயாம், குழந்தை அழுதாலும் திரும்பிப் பார்ப்பதில்லையாம். வேலை டென்ஷன்தான் என்று அவளிடம் சொன்னேன். நன்றாகத் தூங்கு. உனக்கு வரும் ஆவணியில் 36தான் ஆகிறது.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். திருச்சிப் பெரியப்பா கோயிலில் செய்ததைக் குடி என்று சொல்லித்தானே எல்லோரும் மூடினோம்? அவர் குடித்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பெரும்பாலோருக்கு இது பரம்பரையாக வருவதில்லை. சில குடும்பங்களில் மட்டும் மரபணு வழியாக இறங்கும், அப்படியானால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். உன் முகம் கண்ணில் வந்து நின்றது. அதற்கு மேல் வாய் வரவில்லை. அப்பாவுக்கு வைத்தியம் பார்க்கப் போய் டாக்டரிடமே பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

18ஆம் தேதி மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பாவைப் பற்றிச் சொல்லட்டுமா? உன்னைக் கேட்காமல் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு மேல் கூப்பிடு. அப்பா ஏரிக்குப் போயிருப்பார்.

அம்மா