எல்லை தாண்டிய அரங்க நிதியும் கட்டளையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது, வெளிநாட்டில் இருக்கும் விளையாட்டரங்கத்தைப் புதுப்பிக்க நம் அரசு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் பலர். முப்பத்தோரு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்த எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. ஆயினும் கொடுப்பதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். கட்டடத்துக்குக் கொடுத்துவிட்டு அதைக் காப்பதற்கு வழி செய்யாமல் விடுவதே என் வருத்தம்.

யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கம் போர்க்காலத்தில் 1997 முதல் பயன்பாடின்றிக் கிடந்தது. இந்திய அரசு சுமார் 7 கோடி ரூபாய் கொடுத்து, 1,850 பேர் அமரும் வகையில் அதைச் சீரமைத்தது. 2016 ஜூன் 18 அன்று இலங்கை அதிபர் சிறிசேன யாழ்ப்பாணத்தில் இருக்க, பிரதமர் மோடி டெல்லியிலிருந்து காணொலி வழியாகக் கலந்துகொண்டு அரங்கத்தைத் திறந்துவைத்தனர். ஓர் அரசின் வரவுசெலவில் 7 கோடி பெரிய தொகை அன்று. ஆனால், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஓட இடமில்லாமல் வளர்ந்த ஊரில் அந்தத் தொகைக்கு என்ன மதிப்பு என்பதை, காலையில் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்த எந்த ஆசிரியரும் அறிவார்.

இதற்கு நேர்மாறான கதை பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் நடக்கிறது. அயர்லாந்தின் மரபு விளையாட்டுகளான கேலிக் கால்பந்தும் ஹர்லிங்கும் ஆடப்பட்டு வந்த கேஸ்மென்ட் பார்க் மைதானம் 2013 முதல் பூட்டிக் கிடக்கிறது. 2011இல் அந்த மாகாண அரசு மூன்று அரங்குகளைப் புதுப்பிக்க நிதி ஒதுக்கியது. கால்பந்துக்கான வின்ட்சர் பார்க்கும் ரக்பிக்கான ரேவன்ஹில்லும் முடிந்து ஆட்டங்கள் நடக்கின்றன. கேஸ்மென்ட் மட்டும் அண்டையில் குடியிருப்போர் தொடுத்த வழக்கில் 2014இல் கட்டட அனுமதியை இழந்து, 2021இல்தான் மீண்டும் பெற்றது. ஐரோப்பிய நாடுகள் மோதும் 2028 யூரோ கால்பந்துப் போட்டியின் சில ஆட்டங்கள் அங்கே நடக்கும் என்று 2023இல் முடிவானபோது 18 கோடி பவுனாக இருந்த மதிப்பீடு, அடுத்த ஆண்டே 40 கோடியைத் தாண்டக்கூடும் என்றானது. எல்லைக்கு அப்பாலிருந்து அயர்லாந்துக் குடியரசு 2024 பிப்ரவரியில் 5 கோடி யூரோ தருவதாக அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசு, போட்டிக்குள் பணி முடியாது என்று கூறி ஒதுங்கிக்கொண்டது; பிறகு 2025 ஜூனில் 5 கோடி பவுன் தர முன்வந்தது. மாகாண அரசும் கேலிக் ஆட்டங்களை நடத்தும் விளையாட்டுச் சங்கமும் தருவதாகச் சொன்னவற்றைச் சேர்த்தாலும் அந்த 40 கோடியில் பாதிகூடத் தேறாது. தருவோர் இத்தனை பேர் இருந்தும், செலவு ஏறினால் ஏற்றத்தை யார் சுமப்பது என்பதை முதல் நாளிலேயே எழுதி வைக்காததுதான் அங்கே வினையானது என்பது என் கணிப்பு.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடல் கடந்து பொருள் தேடிய எங்கள் பகுதி நகரத்தார், போன இடங்களில் கோயிலும் சத்திரமும் கட்டியபோது, வியாபாரத்திலிருந்து மகமை என்னும் அறப்பங்கை ஒதுக்கி, கட்டிய கையோடு கட்டளையும், அதாவது தொடர்ந்து வரும் செலவுக்கான நிலையான ஏற்பாட்டையும், எழுதி வைத்தார்கள். இன்ன முதலின் வட்டி விளக்கெண்ணெய்க்கு, இன்ன நிலத்தின் குத்தகை பூசைக்கு என்று செலவுக்கெல்லாம் இனம் பிரித்து, ஆண்டு முடிந்தால் ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கைப் போட்டுப் பார்ப்பார்கள். சிங்கப்பூரில் 1859இல் அவர்கள் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலுக்கு இன்றும் தைப்பூசக் காவடிகள் வந்து சேர்கின்றன.

கட்டளை இல்லாத கட்டடத்தின் கதியையும் நான் கண்டிருக்கிறேன். காரைக்குடிக்கு அருகே நான் பணியாற்றிய ஓர் ஊரில் அரசு நிதியில் மைதானம் அமைத்து, பார்வையாளர் அமரப் படிக்கட்டும் கட்டினார்கள். மூன்றாம் ஆண்டில் திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் பளிச்சென்று இருந்தது. நீளம் தாண்டும் குழியில் மணல் கரைந்துபோய்ச் சீமைக்கருவேலம் முளைத்திருந்தது. முள் வெட்டக் கூலி கேட்டதற்கு, அதற்கு எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை என்று பதில் வந்தது. ஒரு சனிக்கிழமை நானும் மாணவர்களும் அரிவாளோடு இறங்கி முள்ளை வெட்டினோம். மணல் கொட்ட வழியில்லை. மாவட்டப் போட்டிக்குப் பயிற்சி எடுத்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இறுகிய செம்மண்ணில் தாண்டி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். இரண்டு லோடு மணலுக்குப் பணமிருந்தால் அந்தக் குழந்தைக்கு அது நேர்ந்திருக்காது.

ஆகவே, இனி நம் அரசு அண்டை நாட்டு அரங்கங்களுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு நிதியிலும் ஒரு பங்கை வைப்பாக வைத்து, அதன் வட்டி புல்லுக்கும் மணலுக்கும் தண்ணீருக்கும் காவலுக்கும் மட்டுமே செல்லும் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். செலவு ஏறினால் எவர் எவ்வளவு ஏற்பது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். இரு நாட்டு மக்களும் படிக்க அதை வெளியிட வேண்டும். யாழ்ப்பாணத்து அரங்கத்துக்கும் அங்குள்ள நிர்வாகத்தோடு கலந்து அத்தகைய ஒரு வைப்பு நிதியை இப்போதேனும் ஏற்படுத்துமாறு வெளியுறவு அமைச்சகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
காரைக்குடி.