எஞ்சினைத் தொடாதீர்கள், அம்மணி

அன்புள்ள சுமதி அம்மணிக்கு,

உங்கள் பாப்பா கார்ட் என்கிற குட்டிப் பந்தய வண்டியில் ஓட்டிய லேப் (சுற்று) நேரங்களை, பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து நீங்கள் அனுப்பியதைப் பார்த்தேன். தை மாதம் ஓட்டியதைவிட ஆனியில் பாப்பா அரை வினாடி பின்தங்குகிறாள், எஞ்சின் சோர்ந்துவிட்டதா, வேறு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். பள்ளிக்கூடத்தில் அளவெடுத்ததில் மூன்று செ.மீ. உயரமும் மூன்று கிலோ எடையும் கூடியிருக்கிறாள் என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கார்ட்டில் ஸ்பிரிங் கிடையாது, ஷாக் அப்சார்பர் கிடையாது, இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரன்ஷியலும் கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே ஆக்சிலில் இறுகியிருக்கின்றன. வளைவில் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம்தான் போக வேண்டும். ஆனால் அதனால் தனியாக மெதுவாகச் சுற்ற முடியாது. அதனால் அது தரையை விட்டு லேசாகத் தூக்கிக் கொடுத்தால்தான் வண்டி திரும்பும். ஸ்டியரிங்கின் கோணமும், சேஸி என்கிற அடிச்சட்டம் முறுக்கிக்கொள்வதும், உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் எடையும் சேர்ந்துதான் அதைத் தூக்குகின்றன. சின்னப் பிள்ளைகள் ஓட்டுகிற மைக்ரோ வகுப்பில் மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைதான். அந்தப் பங்கு கூடி, உயரவும் செய்தால் வண்டியே வேறு வண்டி.

முதலில் லேப் டைமரைத் திறந்து இரண்டு எண்களைப் பாருங்கள்: நேர்ப்பாதை முடிவில் எட்டிய அதிகபட்ச வேகம், வளைவின் நடுவில் இருந்த குறைந்தபட்ச வேகம். தை மாதத்து நல்ல லேப் ஒன்றையும் ஆனி மாதத்து நல்ல லேப் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வளைவு வேகம் குறைந்திருந்தால் கோளாறு சீட்டிலோ டயரிலோ இருக்கிறது. புது எஞ்சின் அதற்கு ஒன்றும் செய்யாது. வளைவு வேகம் அப்படியே இருந்து நேர்ப்பாதை வேகம் மட்டும் இறங்கியிருந்தால் எடை, பிரேக் உரசல், செயின், ஆக்சிலரேட்டர் கேபிள், எதிர்க்காற்று என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். எஞ்சின் அந்த வரிசையில் கடைசி.

எடையிலிருந்து ஆரம்பிப்போம். வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து இத்தனை கிலோவுக்குக் குறையக் கூடாது என்று ஒவ்வொரு வகுப்புக்கும் விதி உண்டு. அதற்காகத்தான் சீட்டில் ஈயத் தட்டு போட்டிருக்கிறீர்கள். பாப்பா மூன்று கிலோ கூடிய பிறகும் அந்த ஈயம் அப்படியே இருந்தால், மூன்று கிலோவைச் சும்மா சுமந்துகொண்டு ஓடுகிறாள். ஹெல்மெட், சூட், ஷூ எல்லாம் போட்டு, டேங்க்கில் பந்தயம் முடியும்போது மிஞ்சுகிற அளவு பெட்ரோலோடு எடை போடுங்கள். விதி சொல்லும் எடைக்கு மேல் ஒரு கிலோ போதும். மிச்ச ஈயத்தைக் கழற்றுங்கள். அந்த ஒரு கிலோவிலும் கை வைக்காதீர்கள். வெயிலில் வியர்வையாகவே கொஞ்சம் போய்விடும். பந்தயம் முடிந்து தராசில் நூறு கிராம் குறைந்தாலும் முடிவு ரத்துதான். மீதி வைக்கிற ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு 8 மி.மீ. போல்ட், இரு பக்கமும் அகல வாஷர், அதிர்வில் கழலாத நைலாக் நட். சின்ன வாஷர் போட்டால் ஃபைபர் சீட் கிழிந்து, தட்டு டிராக்கில் விழும். பின்னால் வருவதும் யாரோ ஒருவர் பிள்ளைதான்.

அடுத்தது சீட். நம் வீடுகளில் பட்டுப்பாவாடைக்கு அடியில் டக்கு வைத்துத் தைப்பதுபோல, வளர்கிற பிள்ளைதானே என்று எதையும் ஒரு அளவு பெரிதாக வாங்குவோம். கார்ட்டில் மட்டும் அந்தச் சிக்கனம் ஆகாது. பெரிய சீட்டில் பிள்ளை வளைவுக்கு வளைவு சரிவாள். சரியாமல் இருக்க ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்குவாள். கை மரத்துப்போகும், வண்டியும் சொன்னபடி கேட்காது. விளிம்பு விலாவில் இடித்துக் கன்றிப்போவதும் இதனால்தான். சிறிய சீட்டோ இடுப்பைப் பிடிக்காமல் பிள்ளையை மேலே தூக்கி உட்கார வைக்கும். இப்போது பாப்பாவுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

விலாக் கவசம் போட்டுக்கொண்டுதான் சீட்டை அளக்க வேண்டும். இடுப்பு அடிவரை இறங்கி உட்கார வேண்டும். இரு பக்கமும் இறுக்கமாக இருக்கலாம், ஆனால் மூச்சு முழுதாக உள்ளே போக வேண்டும். கொஞ்சம் தொளதொளப்பு என்றால் 5 மி.மீ. ஃபோம் ஒட்டிச் சமாளிக்கலாம். இரண்டு மூன்று அடுக்கு ஒட்ட வேண்டியிருந்தால் சீட்டை மாற்றுங்கள். சீட்டின் அடிப்பாகம் சேஸிக் குழாயின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. கையை ஸ்டியரிங்கின் இரு பக்கமும் வைத்தால் முழங்கை நன்றாக மடங்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினாலும் தோள் சீட்டை விட்டு எழக் கூடாது.

கால் நீண்டுவிட்டது என்றால் எல்லோரும் செய்வது சீட்டைப் பின்னால் தள்ளுவது. செய்யாதீர்கள். எடை பின்னால் போய், முன்சக்கரம் பிடிமானம் இழந்து, வண்டி நேராகவே ஓடும். பெடலைத்தான் முன்னால் நகர்த்த வேண்டும். அதற்குத் துளைகள் இருக்கின்றன. நகர்த்திய கையோடு பிரேக் ராடின் நீளத்தையும் ஆக்சிலரேட்டர் கேபிளையும் திருத்த வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம். கார்புரேட்டருக்குக் காற்று போகிற ஏர்பாக்ஸைக் கழற்றிவிட்டு, ஒருவர் பெடலை அடிவரை மிதிக்க, இன்னொருவர் கார்புரேட்டர் வாய்க்குள் பாருங்கள். உள்ளே ஏறி இறங்குகிற ஸ்லைடு முழுக்க மேலே போய் வாய் வட்டமாகத் திறக்க வேண்டும். இரண்டு மி.மீ. தொங்கிக்கொண்டிருந்தாலும் நேர்ப்பாதையில் எஞ்சின் சோர்ந்த மாதிரியே தெரியும். திறந்த இடத்தில் பெடலுக்கு ஸ்டாப் போல்ட் வையுங்கள். இல்லாவிட்டால் பிள்ளையின் முழு பலமும் கேபிளில் இறங்கி அது நீளும்.

சீட் மாறினால் நான்கு சக்கர எடையையும் பார்த்தாக வேண்டும். இதற்கென விற்கிற தராசுக்கு ஏன் செலவு? வீட்டில் ஆள் எடை பார்க்கிற டிஜிட்டல் தராசு, ஒரே மாடலில் நான்கு வாங்குங்கள். ரசமட்டம் வைத்து நான்கையும் ஒரே உயரத்தில் வைத்து, டயர் காற்றைச் சமமாக்கி, ஸ்டியரிங்கை நேராக டேப் போட்டுக் கட்டி, பாப்பாவை முழு உடையில் உட்கார வையுங்கள். மொத்த எடையில் முன்னால் 43 சதவீதம், பின்னால் 57 சதவீதம் நல்ல தொடக்கம். 110 கிலோ என்றால் முன்னால் 47 கிலோவை ஒட்டி வர வேண்டும். இடமும் வலமும் ஒரு கிலோவுக்குள் சமம். ஒத்துவரவில்லை என்றால் முதலில் ஈயத்தை இடம் மாற்றிப் பாருங்கள். அதில் சரியாகாவிட்டால்தான் சீட்டுக்குப் புதுத் துளை.

உயரம் கூடிய பிள்ளையின் வண்டி வளைவில் தவளைபோலத் தத்தினால், உள்சக்கரம் தேவைக்கு மேல் எழும்பி விழுகிறது என்று பொருள். பின்சக்கரத்தை ஆக்சிலோடு பிணைக்கிற ஹப் இரண்டையும் பக்கத்துக்கு 5 மி.மீ. வெளியே தள்ளிப் பாருங்கள், விதி அனுமதிக்கிற அகலத்துக்குள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

டயர் காற்றை சீனியர் பையன்களிடம் கேட்டு அடிக்காதீர்கள். அவர்கள் எடைக்கு டயர் தானாகச் சூடேறும்; சின்னப் பிள்ளையின் எடைக்கு ஏறாது, அதனால் கொஞ்சம் கூடுதலாக வைக்க வேண்டியிருக்கும். குளிர்ந்த நிலையில் 10 பி.எஸ்.ஐ. வைத்து ஓடவிட்டு, உள்ளே வந்தவுடன் அளந்து எழுதுங்கள். கடைசி இரண்டு லேப்பில்தான் வேகம் வருகிறது என்றால் அரை பி.எஸ்.ஐ. கூட்டுங்கள், முதல் மூன்று லேப் நன்றாக ஓடிப் பிறகு வழுக்கினால் அரை குறையுங்கள். ஒரே கேஜ், நிழலில் வைத்த டயர். தை மாதத்து டயரே இன்னும் ஓடுகிறதா? வரிகள் இல்லாத இந்த ஸ்லிக் டயர் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, தேயாமலே கெட்டிப்படும். அரை வினாடியில் பாதி அங்கேயே இருக்கலாம்.

பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, செயினைக் கழற்றிவிட்டு ஆக்சிலைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றி மெல்ல நிற்க வேண்டும். சட்டென்று நின்றால் பிரேக் பேட் டிஸ்க்கில் உரசுகிறது, அல்லது பேரிங் போய்விட்டது. செயின் நடுவில் விரலால் அழுத்தினால் 10 முதல் 15 மி.மீ. தொய்வு இருக்கட்டும். இரும்பு ஸ்கேலை வைத்து இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா பாருங்கள். இது 219 என்கிற கார்ட் அளவுச் செயின். பைக் செயின் ஸ்ப்ராக்கெட் எதுவும் பொருந்தாது.

இனி காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று என்ன செய்யும் என்று உங்கள் ஊர்த் தென்னைகளைக் கேட்டாலே சொல்லும். கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே 2.1 கி.மீ. டிராக், கார்ட்டுக்கு அதன் நேர்ப்பாதை நீளம்தான். எதிர்க்காற்றில் எஞ்சின் வழக்கமான ஆர்.பி.எம். எட்டாவிட்டால் பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லோ இரண்டோ கூட்டலாம், உங்கள் வகுப்பில் கியர் மாற்ற அனுமதி இருந்தால். முன் ஸ்ப்ராக்கெட்டைத் தொடாதீர்கள். அங்கே ஒரு பல் என்பது பின்னால் ஆறு ஏழு பல்லுக்குச் சமம். தை மாதத்து அமைதியான காலையையும் ஆனி மாதத்து மதியத்தையும் ஒப்பிடும்போது இதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் எஞ்சின். உங்கள் கார்ட்டில் இருக்கிற ரோட்டாக்ஸ் மேக்ஸ் எஞ்சின் சீல் வைத்து வருவது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையம் மட்டுமே திறக்கலாம். கோயம்புத்தூர் லேத் பட்டறைகளில் ஆள்கள் கெட்டிக்காரர்கள், ஆசையாகத் திறந்துகொடுப்பார்கள். ஆனால் சீல் உடைந்த எஞ்சினை ஸ்க்ரூட்டினி என்கிற வண்டிப் பரிசோதனையில் உள்ளே விடமாட்டார்கள். எத்தனை மணி நேரம் ஓடியது என்று நோட்டில் எழுதி வருகிறீர்களா? 50 மணி நேரத்தை நெருங்கினால் பிரித்துப் பார்க்க அனுப்புங்கள். அதற்கு முன் தேவையில்லை.

எஞ்சினை அகாலத்தில் கொல்வது வயதல்ல, பெட்ரோல். ஒரு லிட்டருக்கு 20 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில். ஐந்து லிட்டர் கேனுக்கு 100 மி.லி. அளவுக் குவளையில் ஊற்றுங்கள், பாட்டில் மூடியில் வேண்டாம். எல்லையில் இருக்கிற வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டு பங்க்கில் போடுவது விலைக்கு நல்லதுதான். ஆனால் எந்தப் பக்கம் போட்டாலும் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்துதான் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் பாதி காலியான கேனை மூடி தளர்வாக வைத்துவிட்டால், ஈரம் சேர்ந்த எத்தனால் பிரிந்து அடியில் தங்கும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். எஞ்சின் டேங்க்கிலிருந்து இழுப்பது அடியில் இருப்பதைத்தான். ஆயிலே இல்லாத திரவம் போய் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்த வார ஓட்டத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். மிஞ்சியதைக் கார்ட்டுக்குத் திரும்ப ஊற்ற வேண்டாம். ஓட்டம் முடிந்ததும் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள்.

கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற துளையான ஜெட்டிலும் ஒரு கண் வையுங்கள். மதிய வெயிலில் காற்று லேசாவதால் சிறிய மெயின் ஜெட் போடுவீர்கள். அதே ஜெட்டோடு மறுநாள் விடியற்காலைக் குளிரில் ஓடினால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சீஸ் ஆகும், அதாவது இறுகிப் பிடித்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் ஓர் அளவு பெரிது. கழற்றிப் பார்த்தால் ஸ்பார்க் பிளக் காப்பிப்பொடி நிறத்தில் இருக்கட்டும். வெளுத்திருந்தால் அடுத்த ஓட்டத்துக்கு அனுப்பாதீர்கள்.

ஹெல்மெட்டும் சீட்டைப் போலத்தான், அளவு கூட்டி வாங்குவதில்லை. பெரியவர்கள் ஹெல்மெட்டில் சின்ன அளவும் வேண்டாம். சிறுவர்களுக்கென்று ஸ்னெல், எஃப்.ஐ.ஏ. அமைப்புகளின் பாதுகாப்புச் சான்று பெற்று எடை குறைவாக வருவதுதான் பிஞ்சுக் கழுத்துக்கு ஏற்றது. வார் போடாமல் தலையை ஆட்டச் சொல்லுங்கள்; கன்னத்துத் தோல் ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர வேண்டும்.

வண்டியிலிருந்து இறங்கியவுடன் பாப்பாவிடம் நேரத்தைச் சொல்லாதீர்கள். தண்ணீர் குடிக்கட்டும். பிறகு, “எந்த வளைவில வழுக்குச்சு கண்ணு, முன்னாடியா பின்னாடியா? உள்ள போறப்பவா, வெளிய வர்றப்பவா?” என்று மட்டும் கேட்டு, அவள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். “வண்டி வரமாட்டேங்குது” என்றால் பெரும்பாலும் முன்சக்கரம். “பின்னாடி வீசுது” என்றால் பின்சக்கரம். அப்பா ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம், மாமா கைப்பேசி வீடியோவோடு இன்னொரு பக்கம் என்று சூழ்ந்துகொண்டால், எது சொன்னால் நீங்கள் நிறுத்துவீர்களோ அதைச் சொல்லிவிடுவாள். ஊரில் எல்லோரும் 2005-ல் ஃபார்முலா 1 ஓட்டிய நரேன் கார்த்திகேயன் பேரைச் சொல்லித்தான் அவளைக் கொஞ்சுகிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், வண்டியைச் சரிபார்க்கிற பிட்டுக்குள் அந்தப் பேச்சு வேண்டாம்.

ஓட்டுநர் கூட்டத்தில் ஆங்கிலத்தில்தான் விளக்குவார்கள். கொடிகளை வீட்டிலேயே தமிழில் சொல்லிக்கொடுங்கள். மஞ்சளும் சிவப்பும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் போட்ட கொடிதான் மறந்துபோகும். உன் வண்டியில் ஏதோ கழன்றிருக்கிறது, உள்ளே வா என்று அர்த்தம்.

விலா வலிக்கிறது என்று பாப்பா சொன்னால் அன்றைக்கு ஓட்டம் அவ்வளவுதான். பஞ்சு வைத்துக் கட்டி இன்னொரு ஹீட் (தகுதிச் சுற்றுப் பந்தயம்) ஓடவிடாதீர்கள். மூச்சு இழுக்கும்போது குத்தினால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். வலி முழுக்கப் போன பிறகு, சீட்டை மறுபடி அளந்துவிட்டு ஏற்றுங்கள். கட்டிய நுழைவுக் கட்டணம் போனால் போகட்டும்.

அன்புடன்,
உங்கள் பிட் ஆள்