நாடகத்துக்கும் ஒரு மூலை ஒதுக்குங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊர். இந்த வருடம் மாரியம்மன் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் இல்லை, பெரிய எல்இடி திரை கட்டிப் படம் போட்டார்கள். கூட்டம் வரும், செலவும் குறைவு என்றார்கள். சரி, கூட்டம் வந்தது. ஆனால் டிவியில் நாலு தடவை பார்த்த படம், பாதியிலேயே ஆளாளுக்குக் கைபேசியை எடுத்துவிட்டார்கள்.

வள்ளி திருமணம் அப்படி இல்லை. கதாநாயகனாக வரும் ராஜபார்ட் ஒரு ஊர், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் ஒரு ஊர், சிரிக்கவைக்கும் பபூன் வேறொரு ஊர், ஒத்திகையே கிடையாது, ராத்திரி மேடையில்தான் ஒருவருக்கொருவர் எதிரில் நிற்கிறார்கள். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் எவ்வளவு நேரம் போகும் என்று அவர்களுக்கே தெரியாது, முன்வரிசைப் பாட்டிகள் ரசித்தால் நீளும், கொட்டாவி விட்டால் சட்டென்று அடுத்த பாட்டு வந்துவிடும். பார்க்கிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

சினிமாவை நான் குறை சொல்லவில்லை. கண்ணோரம் துளிர்க்கும் நீர் கடைசி வரிசைக்கும் தெரிவது திரையில்தான். திருவாரூர் தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’ நாடகம் 1954இல் படமாக வந்ததால்தான் எம்.ஆர். ராதாவின் அந்தக் குரல் எனக்குக் கிடைத்தது. ஆனால் அதை நாடகமாகப் பார்த்த என் அப்பா, அன்றைக்குப் பேப்பரில் வந்த செய்தியையும் ராதா மேடையில் இழுத்துப் போட்டு வாங்குவார் என்பார். படத்தில் அதற்கு வழியில்லை.

தஞ்சைப் பக்கம் மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி வரதராஜப் பெருமாள் கோயில் முன்னால் பாகவத மேளா என்ற இசை நாட்டிய நாடகம் நடக்கும். ஒருமுறை மகளோடு போயிருந்தேன். வெங்கடராம சாஸ்திரி எழுதிய பிரகலாத சரித்திரம், அதுவும் தெலுங்கில், எனக்கு ஒரு வரி புரியவில்லை. பெண் வேடமும் ஆண்கள்தான். விடியப்போகிற நேரத்தில், விரதம் இருந்து நரசிம்ம முகத்தை அணிந்தவர் ஆவேசத்தோடு வர, சுற்றி நின்றவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். சீரியலில் கிராபிக்ஸ் நரசிம்மரைச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிற என் மகள், அன்றைக்கு என் வேட்டியை விடவே இல்லை. நானும் எழுந்து கைகூப்பிவிட்டேன்.

உங்கள் பத்திரிகையில் சினிமாவுக்குத் தினமும் ஒரு பக்கம், டிவி நிகழ்ச்சிகளுக்கு இடம். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் எந்த ஊரில் என்றைக்கு நாடகம் என்று திருவிழாக் காலத்திலாவது நாலு வரி போடுங்கள். அப்புறம், எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த வருடம் ஒரே ஒரு ராத்திரியாவது நாடகத்துக்கு விடுங்கள், திருவிழா வரி கூடுதலாகக் கேட்டாலும் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாபநாசம் வட்டம்