ஏறுகிற மீனை விட்டுவிடு, அம்மிணி

கோபி,
ஆடி 12

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். கொடிவேரியில் தண்ணீர் புரண்டு விழுகிறது, குளிக்க யாரையும் விடுவதில்லை. பதினெட்டுக்குக் கூடுதுறை போகணும் என்று அம்மா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். நியூசிலாந்தில் உன் டோங்காரிரோ ஆற்றில் தொடையளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, நாலு சனிக்கிழமை வெறுங்கையோடு திரும்பினதுக்கு அப்புறம் பிடித்த முதல் ட்ரௌட் மீன். உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாச்சு! ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கீறினால் முழுக்க முட்டை, குழம்பு வைத்தும் வாய்க்குள் போகவில்லை என்று எழுதியிருந்தாயே, அது எனக்கு ரெண்டு நாளாக மனசிலேயே நிற்கிறது. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ தப்பு எதுவும் செய்யவில்லை. லைசென்ஸ் எடுத்து, அளவு பார்த்துத்தான் பிடித்தாய். இருந்தாலும் அந்த முட்டையைப் பற்றி நான் பார்த்ததை உனக்குச் சொல்லணும்.

நீ பிறப்பதற்கு முன்னால் எனக்கு மின்வாரியத்தில் நீலகிரிக் குந்தா நீர்மின் திட்டத்து வேலை, எமரால்டு கேம்பில் ஜாகை. அங்கிருந்து அவலாஞ்சி ட்ரௌட் பண்ணை பக்கம்தான். 1907-இல் வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்தது. ஒரு பனிக்காலத்துக் காலையில் போனபோது அங்கே வேலை செய்யும் பெரியவர் ஒருவர் தாய் மீனைத் தூக்கி, நெஞ்சிலிருந்து வால் பக்கமாகக் கட்டைவிரலால் மெல்ல நீவிக்கொண்டிருந்தார். முட்டைகள் எனாமல் பேசினில் பொலபொலவென்று விழுந்தன, ஆரஞ்சு நிறம், ஒவ்வொன்றும் துவரை அளவு. அப்புறம் ஆண் மீனை நீவினார், பால் மாதிரி வந்தது. ரெண்டையும் ஒரு கோழி இறகால் கலக்கினார். கரண்டி போட்டால் முட்டை தாங்காதாம். நான் ஆசையில் ஒரு மீனைப் பிடிக்கக் கையை நீட்டினேன், பெரியவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "காஞ்ச கையோட தொடாதீங்க, மேல இருக்கிற அந்தக் கொழகொழப்புதான் அதுக்குச் சட்டை, அது போச்சுன்னா பூஞ்சை புடிச்சுச் செத்துப் போகும்" என்றார். தண்ணீரில் கையை முக்கினேன், விரல் மரத்துப் போகிற குளிர்.

சில வாரம் கழித்து மறுபடி போனேன். தட்டில் இருந்த முட்டை ஒவ்வொன்றுக்குள்ளும் ரெண்டு கறுப்புப் புள்ளி. கண். உடம்பு என்று சொல்லும்படி ஒன்றும் தெரியாது, கண் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. எத்தனையோ வருஷமாச்சு, இன்னும் என்னால் அதை மறக்க முடியவில்லை.

நீலகிரி ஓடைகளில் ஆதியில் இந்த மீன் கிடையாது. 1909, 1910 வாக்கில் வானவில் ட்ரௌட்டின் முட்டைகளை இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்திலிருந்து கொண்டுவந்தார்கள். உன் ஊருக்கும் அது சொந்த மீன் இல்லை, 1883-இல் கலிபோர்னியாவிலிருந்து முட்டையாக வந்ததுதான். ஆக நீ பிடித்ததும் நான் அவலாஞ்சியில் தொட்டதும் ஒருவகையில் பங்காளிகள். என்ன வித்தியாசம் என்றால், இங்கே பண்ணையில் பொரிக்க வைத்து விட்டார்கள். உன் ஆறு போய்ச் சேருகிற டௌப்போ ஏரியின் மீன் யார் உதவியும் இல்லாமல் தானே ஆறு ஏறி, தானே முட்டை போட்டுப் பெருகுகிறது. இப்போது அங்கே குளிர்காலம், அதுதான் ஏறுகிற சமயம். நம் ஊரில் புதுத்தண்ணி வந்தால் கெண்டை எதிர்த்து ஏறுமே, அப்பாரு உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் மதகில் காட்டுவாரே, அதே வேகம்தான்.

அதனால் இனிமேல் ஆற்றில் மீன் மாட்டினால் முதலில் நிறத்தைப் பார். உடம்பு கறுத்து, பக்கவாட்டுச் சிவப்புப் பட்டை அழுத்தமாக, வயிறு தளர்ந்து இருந்தால் முட்டைக்காரி. சதையில் ருசியும் இருக்காது, சத்தெல்லாம் முட்டைக்குப் போயிருக்கும். விட்டுவிடு. வெள்ளி மாதிரி பளபளவென்று இருந்தால் ஏரியிலிருந்து இப்போதுதான் வந்தது, சாப்பிடணும் என்றால் அதில் ஒன்று எடுத்துக்கொள். பசிபிக் சால்மன் மாதிரி இது முட்டை போட்டதும் கட்டாயம் செத்துப்போவதில்லை, ஏரிக்கு இறங்கித் தேறி மறுபடியும் ஏறும்.

விடும்போது தூக்கி எறியாதே கண்ணு. கொக்கியின் எதிர்முள்ளை முன்கூட்டியே குறடால் அமுக்கிவிடு, கழற்றுவது சுலபம். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, தலை ஓட்டத்தை எதிர்த்து இருக்கும்படி தாங்கிப் பிடி. செவுள் திறந்து மூடுவது சீராகும், அப்புறம் அதுவே உன் கையை உதறிக்கொண்டு போகும். போட்டோ எடுக்க வெளியே தூக்கி வைத்திருக்கிற ஒவ்வொரு நொடியும் அதுக்கு மூச்சு இல்லை.

இன்னொன்று. ஆற்றுப் படுகையில் மற்ற இடமெல்லாம் பாசி படிந்து இருட்டாக இருக்க, ஓர் இடத்தில் மட்டும் கூழாங்கல் கழுவி வைத்தாற்போல் வெளுத்துத் தெரியும். தாய் மீன் வாலால் அடித்துக் குழி பறித்து, முட்டை போட்டு மூடின இடம் அது. அங்கே கால் வைக்காதே, கூட வருகிறவர்களுக்கும் சொல். முட்டை மாதிரி ஆரஞ்சு நூலில் தூண்டில் கட்டுகிறார்கள், மீன் ஓடி வந்து கவ்வுகிறது என்று எழுதியிருந்தாயே, மேலே குழி தோண்டும்போது தப்பி மிதந்து வரும் முட்டையைத் தின்னத்தான் கீழே மற்ற மீன்கள் காத்திருக்கும். அதனால்தான் அந்த ஏமாற்று பலிக்கிறது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை, தொடையளவுத் தண்ணீர் என்றதும் எனக்குப் பகீரென்றது. கொடிவேரியில் நீச்சல் தெரிந்தவர்களே போனதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீர் உடுப்புக்கு மேலே இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டாமல் இறங்காதே, விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பிவிடும். கையில் ஊன்றுகோல் இருக்கட்டும், காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நகர். மேலே மழை பெய்து தண்ணீர் நிறம் மாறினால் தூண்டிலைப் பார்க்காமல் கரை ஏறு. தனியாகப் போகவே போகாதே.

அவலாஞ்சி ஓடைத் தண்ணீர் அணை அணையாக இறங்கி, பில்லூர் வந்து, பவானிசாகர் வந்து, கொடிவேரியில் பிரிந்து நம் வயலுக்கு வருகிறது. நேற்று மடை திறந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தபோது உன் நினைப்புதான்.

சனிக்கிழமை ஆற்றுக்குப் போனால், இறங்கும்போது ஒரு மெசேஜ், கரை ஏறினதும் ஒரு மெசேஜ் போடு. இங்கே ராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, போனைத் தலைமாட்டில்தான் வைத்திருப்பேன்.

அப்பா