படத்தில் இருப்பது பச்சை மாம்பா அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில், கோயில் மாமரத்தடியில் அடித்துக் கொல்லப்பட்ட ஒரு பாம்பின் படத்தை, 'துரத்திக் கொத்தும் பச்சை மாம்பா' என்ற குறிப்போடு வெளியிட்டிருந்தீர்கள். படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கழுத்திலிருந்து உடலின் முன்பாதி வரை கறுப்புப் புள்ளிகள் தெளிவாகத் தெரிகின்றன. நம் தென்னாப்பிரிக்காவின் கொடிய நச்சுப் பாம்பான பச்சை மாம்பாவுக்குப் புள்ளி கிடையாது. இது பல்லியையும் தவளையையும் தின்று பிழைக்கும், நஞ்சில்லாத புள்ளிப் புதர்ப் பாம்பு.

சென்ற மார்கழியில், இங்கே கோடை வெயிலில், எங்கள் வீட்டுச் செங்கல் சுவரில் இதே பாம்பு நேர்குத்தாக ஏறுவதைக் கண்டேன். வயிற்றுச் செதில்களின் இரு ஓரமும் மடிந்திருப்பதால் அதற்குச் சுவரில் பிடி கிடைக்கிறது. கிட்டே போனதும் தொண்டையை உப்பியது. செதில்களின் இடையே நீலத் தோல் மின்னியது. அவ்வளவுதான் அதன் மிரட்டல்.

உண்மையான பச்சை மாம்பா காட்டுப் பிராணி. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் கடலை ஒட்டிய குறுகிய காட்டுப் பட்டையை விட்டு அது அதிகம் விலகுவதில்லை. ஏறக்குறைய 2 மீட்டர் நீளமும், ஒடுங்கி நீண்ட தலையும், வழவழப்பான செதிலும் கொண்ட அது, கிளைகளுக்குள் சுருண்டு கிடந்து பறவையோ வௌவாலோ எலியோ எட்டும் தூரத்துக்கு வரட்டும் என்று காத்திருக்கும். நாளொன்றுக்குச் சில மீட்டரே நகரும் என்று, கென்யாவில் அதன் நடமாட்டத்தைக் கருவி பொருத்திக் கவனித்தவர்கள் கண்டார்கள். இதுவா மனிதரைத் துரத்தப்போகிறது? ஆனால் கடித்தால் அதன் நஞ்சு நரம்புகளைத் தாக்கி மூச்சையே நிறுத்தக்கூடும் என்பதால், மருத்துவமனைக்குப் போகத் தாமதிக்கக் கூடாது.

பச்சை நிறத்தில் இன்னொரு மரப்பாம்பும் நம் ஊரில் உண்டு. பெரிய கண்ணும் சொரசொரப்பான செதிலும் கொண்ட, பூம்ஸ்லாங் எனப்படும் அந்தப் பாம்பின் நஞ்சு இரத்தத்தை உறையவிடாது; ஆனால் பல மணி நேரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. அந்த அமைதியை நம்பி, ஊர்வன அறிஞர் கார்ல் ஷ்மிட் 1957-இல் சிகாகோவில் கடிபட்ட மறுநாளே இறந்தார். மாம்பாக் கடிக்குக் கொடுக்கும் விஷமுறிவு மருந்து பூம்ஸ்லாங் கடிக்குப் பயன்படாது. தனி மருந்து வேண்டும்.

என் பாட்டி எந்தப் பச்சைப் பாம்பைக் கண்டாலும் 'கண்கொத்தி' என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். அந்தப் பெயருக்குரிய பாம்பு இந்த நாட்டிலேயே இல்லை. 1860 முதல் சென்னையிலிருந்து கப்பலேறி வந்தவர்களோடு அந்தப் பயம் மட்டும் வந்து சேர்ந்தது. அவர்கள் உழைத்த கரும்புத் தோட்டங்களுக்காகவே இந்தக் கரையோரக் காட்டின் பெரும்பகுதி அழிக்கப்பட்டது. மாம்பாவுக்கு மிஞ்சியவை அங்குமிங்கும் கிடக்கும் சில காட்டுத் துண்டுகளே.

அடுத்த இதழில் அந்தப் படத்தை மீண்டும் வெளியிட்டு, அதன் கீழே பாம்பின் சரியான பெயரை அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
இசிபிங்கோ, டர்பன்.